திருக்குறுங்குடியும் கூந்தன்குளமும் ஒரே நாளில் முடியுமா?

பாளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை.

அம்மாவுக்கு 72 வயது. திருக்குறுங்குடிக் கோயிலில் நம்பிப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இருந்தவரை வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போய் வருவார்கள். அவர் போன பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. மகன் ஆறாம் வகுப்பு. கூந்தன்குளத்துப் பறவைகளைப் பற்றி வகுப்பில் சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சு. எனக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதக் கடைசியில்.

கேட்டவர்கள் எல்லாம் "ஏதாவது ஒன்றைப் பாருங்கள், இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்" என்கிறார்கள். அம்மாவுக்காகப் பையனையோ, பையனுக்காக அம்மாவையோ விட மனசு வரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து சொந்தக் காரில் போகிறோம். அம்மாவால் அரை மணி நேரம் நிதானமாக நடக்க முடியும், படி ஏறுவது சிரமம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலைக்கரைக்காரன்:

தாராளமாக முடியும் அண்ணாச்சி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஒரு முக்கோணம் மாதிரி இருக்கும். பாளையிலிருந்து நாற்கரச் சாலையில் நாங்குநேரி, அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஏர்வாடி, திருக்குறுங்குடி. திரும்பி வரும்போது நாங்குநேரியிலிருந்து கிழக்கே வந்தால் கூந்தன்குளம். பிறகு எங்கள் ஊர் மூலைக்கரைப்பட்டி வழியாக வீட்டுக்குப் போய்விடலாம். வந்த வழியே திரும்பும் வேலை இல்லை. குறுங்குடிக்கும் குளத்துக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

மாசி கடைசி என்பது நல்ல தேர்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும். மழையை மட்டும் நம்பியும் இல்லை, மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர்தான் பெரிய ஆதாரம். மார்கழியில் பறவைகள் கூடு வைக்கத் தொடங்கும். மாசியில் முட்டையும் இருக்கும், குஞ்சும் இருக்கும். சித்திரை, வைகாசியில் குஞ்சுகள் பறந்து பழகும். அதன் பிறகு தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிவிடும்.

1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கூந்தன்குளம், காடன்குளம் இரண்டையும் சேர்த்து 129.33 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக 2022இல் அறிவித்தார்கள். ஆனால் அறிவிப்பு வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கும் அங்கே வெடி கிடையாது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்திலேயே நாரை கூடு கட்டும். கீழே எச்சமும் மீன் நாற்றமுமாகக் கிடக்கும், இருந்தாலும் யாரும் கிளையை வெட்டமாட்டார்கள். பறவை வந்தால் அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதில் கணக்கும் உண்டு. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, வற்றிய பிறகு வண்டலையும் அள்ளிப் போடுகிறார்கள். உரச் செலவு அந்த அளவுக்குக் குறைகிறது.

களக்காட்டு ஏத்தன்:

முடியும். ஆனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். விடியற்காலம் 6 மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டும். பறவை பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. 8 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குக் குறுங்குடி. உச்சிக்கு நடை சாத்துவதற்குள் நிம்மதியாகத் தரிசனம் முடியும். சாயங்காலம் குளத்துக்குப் போனால் களைத்துப்போய்ப் பாதியில் திரும்பிவிடுவீர்கள்.

நம்பியாற்றங்கரை:

நான் குறுங்குடியில் பிறந்தவள், இப்போது வேலை சென்னையில். தலைப்பைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்ப்பது அரைகுறை என்று சொன்னவர்களிடம் நான் சண்டைக்கே வருவேன். இவை ஒன்றையொன்று விளக்கும் இடங்கள். திருமங்கையாழ்வார் எங்கள் ஊரைப் பாடிய பதிகத்தின் முதல் பாசுரத்தை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அநேகமாக மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். முதல் பாதியில் அக்குமணியும் புலித்தோலும் உடைய சிவன் பக்கத்தில் நிற்க, அவரோடு சேர்ந்து நிற்கும் பண்புடைய பெருமாளின் ஊர் என்கிறார். இரண்டாம் பாதியில் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, தாயின் வாயிலிருந்து "கொக்கின் பிள்ளை வெள்ளிற வுண்ணும் குறுங்குடியே" என்று முடிக்கிறார். வெள்ளிறவு என்றால் வெள்ளை இறால். சுமார் 1,200 வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இந்த ஊர் மரத்தடியில் நின்று, குஞ்சுக்குத் தாய்க்கொக்கு இரை கொடுப்பதை அண்ணாந்து பார்த்திருக்கிறார். பாசுரத்தின் முதல் பாதியைக் கோயிலில் பார்க்கலாம். இரண்டாம் பாதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இன்று கூந்தன்குளத்துக்குத்தான் போக வேண்டும்.

முதல் பாதி என்று சொன்னேன் இல்லையா, பெருமாள் கோயிலுக்குள்ளேயே சிவனுக்குச் சன்னிதி உண்டு. மகேந்திரகிரிநாதர். பூஜையின்போது "பக்கத்தில் நிற்பவருக்குக் குறை ஏதும் உண்டோ" என்று கேட்பதும், "இல்லை" என்று பதில் சொல்வதும் கோயில் மரபு. சிறுவயதில் தாத்தா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியையும் பதிலையும் சொல்லிக்காட்டுவார். எனக்குக் கோயில் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கொடிமரத்தைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். சன்னிதிக்கு நேராக இல்லாமல் சற்று விலகி நிற்கும். நம்பாடுவான் என்ற பாணர் குலத்து பக்தர் வெளியே நின்று பாடுவார், கொடிமரம் மறைக்கும். அவர் பார்ப்பதற்காக நம்பி கொடிமரத்தை விலகச் சொன்னார் என்பது கதை. கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்கு முன்னால் வருகிறது. கோயிலுக்கு வரும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். "பாடிவிட்டு வருகிறேன், பிறகு தின்றுகொள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, பாடி முடித்ததும் உயிரைக் கொடுக்கத் தானாகவே திரும்பிப் போகிறார். கடைசியில் அவர் பாடிய கைசிகப் பண்ணின் பலனால் ராட்சசனும் கரையேறுகிறான். கார்த்திகை மாத கைசிக ஏகாதசி இரவில் இதைக் கோயிலிலேயே நாடகமாக நடத்துகிறார்கள். நலிந்து போயிருந்த நாடகத்தை 1999இல் மீட்டெடுத்தார்கள். பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் அதற்கு முன்நின்றவர்கள்.

ஊருக்கு வெளியே வயல் நடுவில் திருமங்கையாழ்வாரின் திருவரசு இருக்கிறது. அவர் பரமபதம் அடைந்த இடம் என்று கொண்டாடுகிறோம். பெரும்பாலானவர்கள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் 10 நிமிடம் அங்கே நில்லுங்கள். மேற்கே மகேந்திரகிரி மலை, சுற்றிலும் நெல், வரப்பில் கொக்கு. பாசுரத்தை அங்கேதான் சொல்ல வேண்டும்.

வரிசையைப் பற்றிக் கேட்டால் கோயில் முதலில், குளம் பிறகு. ஏத்தன் அண்ணாச்சி மன்னிக்கவும்.

களக்காட்டு ஏத்தன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு தங்கச்சி. பறவைக்கு நல்ல நேரம் எது என்று மட்டும் நான் சொன்னேன். பாசுரம் எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

பறவைப்பைத்தியம்:

பாசுரத்தைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. பறவைகளைக் கவனிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

கூந்தன்குளத்தில் அதிகமாகக் கண்ணில் படுவது மஞ்சள்மூக்கு நாரை. அது குஞ்சுக்கு வாயில் ஊட்டுவதில்லை. தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்த மீனைக் கூட்டின் தரையில் கக்கும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். கூழைக்கடாவின் குஞ்சு தாயின் பைக்குள் தலையையே விட்டுவிடும். கொக்குக் குஞ்சுதான் தாயின் அலகைக் குறுக்கே கவ்விப் பிடித்து இழுத்து, அங்கிருந்தே இரையை வாங்கும். "தாய்வாயில்" என்ற சொல் கொக்குக்கு அப்படியே பொருந்துகிறது. நாரைக்குப் பொருந்தாது. ஆழ்வார் நாரை என்று பாடாமல் கொக்கின் பிள்ளை என்று பாடியிருக்கிறார். நின்று பார்க்காதவர் இப்படி எழுத முடியாது. 20 வருடமாகத் தொலைநோக்கி தூக்குகிறேன், இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவே எனக்குப் பல வருடம் ஆனது.

நேரத்தைப் பற்றி: காலை நல்ல நேரம்தான். ஆனால் கூடு கட்டும் மாதங்களில் மாலையும் குறைவில்லை. 4 மணிக்கு மேல் வெளியே மேயப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். அரிவாள்மூக்கன்கள் வரிசை கட்டி வரும். இருட்டும் நேரத்தில் வக்கா என்ற இராக்கொக்கு கிளம்பும், ஒன்று அடைய வரும்போது மற்றொன்று வேலைக்குப் போகிற மாதிரி. சின்னப் பையனுக்கு இந்த வருகையைப் பார்ப்பதுதான் பிடிக்கும்.

சென்னைவாழ் நெல்லை:

செங்கால் நாரை என்று நாம் பள்ளியில் படித்தது இந்தக் கூந்தன்குளத்து நாரைதானே?

பறவைப்பைத்தியம்:

பலரும் அப்படி நினைக்கிறார்கள். சத்திமுற்றப் புலவர் அந்த நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொல்கிறார், பவளம் போன்ற அலகு என்கிறார். அலகும் காலும் சிவப்பாக இருப்பது வெள்ளை நாரை, வலசை வரும் பறவை. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரைக்கு அலகு மஞ்சள், முகம் ஆரஞ்சு, வால் பக்கத்துச் சிறகில் ரோஜா நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாகத்தான் தெரியும். தொலைநோக்கியில் அந்த ரோஜா நிறத்தைப் பையனுக்குக் காட்டுங்கள். வரித்தலை வாத்து வந்திருந்தால் அதையும் காட்டுங்கள், தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். திபெத், மங்கோலியா பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி நம் நாங்குநேரி வட்டத்துக்கு வருகிற பறவை அது.

வள்ளியூர் வண்டி:

அவ்வளவு தூரம் போய்விட்டு மலைநம்பியைப் பார்க்காமல் வருவதா? குறுங்குடியிலிருந்து மேலே ஜீப் கிடைக்கும். ஆற்றில் குளித்துவிட்டு வரலாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்பியாற்றங்கரை:

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மலைநம்பி கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், அனுமதி இல்லாத நாட்களும் உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அடைத்துவிடுவார்கள். பாதை கல்லும் குழியுமாக இருக்கும், ஜீப்பில் போனாலும் 72 வயது இடுப்பு தாங்காது. அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று ஐந்து பேர் எங்களுக்கு. அம்மாவுக்கு இந்தத் தடவை கீழே இருக்கிற நம்பிகள் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆற்றில் சோப்பும் ஷாம்புப் பாக்கெட்டும் பழைய துணியும் கிடப்பதை ஒவ்வொரு விடுமுறைக்கும் பார்க்கிறேன். அதே தண்ணீர்தான் கீழே எங்கள் வயலுக்கு வருகிறது.

ஏர்வாடி வாசகன்:

சாப்பாட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. மதியம் ஏர்வாடியில் சாப்பிடுங்கள். சைவம் என்றால் நாங்குநேரி போய்விடுவது நல்லது. அம்மாவுக்குத் தயிர்சாதம் கட்டி எடுத்து வருவது எல்லாவற்றையும்விட நல்லது. குளத்துப் பக்கம் பெரிய கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், தொப்பி, ஒரு மடக்கு நாற்காலி கட்டாயம்.

சென்னைவாழ் நெல்லை:

காரில்லாதவர்கள் என்ன செய்வது?

ஏர்வாடி வாசகன்:

நெல்லைப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நாங்குநேரி, ஏர்வாடி வழியாகக் குறுங்குடிக்குப் பஸ் உண்டு. ரயிலில் வந்தால் நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ இறங்கலாம். குளத்துக்கு மூலைக்கரைப்பட்டி வந்து ஆட்டோ. ஆனால் பஸ்ஸில் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது இளவட்டங்களுக்குத்தான் ஒத்துவரும்.

தென்காசிச் சாரல்:

நான் மட்டும் மாற்றிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மழை பொய்த்த ஒரு வருடம் குடும்பத்தோடு கூந்தன்குளம் போனேன். வெடித்த மண், நடுவில் கருவேல மரங்கள், அதில் காலிக் கூடுகள். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காமல் யாரும் கிளம்பாதீர்கள்.

மூலைக்கரைக்காரன்:

சாரல் சொல்வது முழு உண்மை. நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் எங்களுக்கு அந்த வருடங்கள் இன்னும் வலிக்கும். மணிமுத்தாற்றில் 118 அடி வரை தேக்கலாம். ஆனால் அணையில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, கடைசிக் குளம் வரை கால்வாயில் வந்து சேர வேண்டும். வரும் வழியில் எத்தனையோ குளங்கள், எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இந்த வருடம் குளம் நிறைந்திருக்கிறது அண்ணாச்சி, நேற்றுக்கூட கரையில் நின்று பார்த்தேன். நம்பி வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வருடம் ஒரு வேன் வந்தது. எங்கிருந்து என்பது வேண்டாம். கரையிலேயே வண்டியை நிறுத்திப் பெரிய பெட்டியில் பாட்டுப் போட்டார்கள். கூட்டில் நின்ற தாய்ப்பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டன. உச்சி வெயில். தாய் எழுந்தால் குஞ்சுக்கு நிழல் போய்விடும், காக்கை இறங்கும். பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்து வேன்காரரின் கையைப் பிடித்து, "ஐயா, எங்க வீட்டுப் பிள்ளைகள் தூங்குது, நிறுத்துங்க" என்றார்கள். நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் இரண்டு குஞ்சுகள் கீழே விழுந்துவிட்டன. ஒன்று பிழைத்தது. அதனால் வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் இதைச் சொல்கிறேன்: வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பாளைக்காரன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் பாசுரத்தின் முதல் வார்த்தையைச் சொன்னேன், "அக்கும்" என்றதுமே முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்கள். அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது ஏர்வாடி தாண்டியதும் இருவரும் சேர்ந்து சொல்வார்களாம். எனக்கு இது இத்தனை நாள் தெரியாது. கோயில் முதலில், குளம் பிறகு என்று முடிவு செய்துவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

பாளைக்காரன்:

போய் வந்தோம். நேற்று இரவு 8 மணிக்கு வீடு சேர்ந்தோம். நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

காலை 6.30க்குக் கிளம்பி, 8 மணிக்குக் கோயில் வாசல். கூட்டம் அதிகம் இல்லை. அம்மா கொடிமரத்தடியில் நின்று, அது விலகி நிற்பதைப் பேரனுக்குக் காட்டினார்கள். "நேர்கோட்டில் வைக்கத் தெரியாமலா ஆச்சி வைத்தார்கள்?" என்று கேட்டான். கதை முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து சொன்னார்கள். ராட்சசனிடம் திரும்பிப் போகும் இடத்தில் பையன் முகம் மாறிவிட்டது. "ஓடிப் போயிருக்கலாமே" என்றான். "வாக்குக் கொடுத்துட்டாரேப்பா" என்றார்கள் அம்மா. அவ்வளவுதான் பதில். உள்ளே மணியைப் பார்த்தோம். திருவிதாங்கூர் மன்னர் ஆதித்தவர்மர் 1468இல் கொடுத்த மணி என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். டி.வி. சுந்தரம் அய்யங்கார் பெயரில் முதல் எழுத்து இந்தத் திருக்குறுங்குடிதான் என்றும் அவரே சொன்னார். டி.வி.எஸ் வண்டியில் தினமும் பள்ளிக்குப் போகிற பையனுக்கு அது பெரிய செய்தி.

நாயக்கர் காலத் தூண் சிற்பங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதவில்லை. அதற்காகவே இன்னொரு தடவை வர வேண்டும்.

திருவரசுக்குப் போனோம். நம்பியாற்றங்கரை அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்போம். அம்மா வரப்பு ஓரத்தில் நின்று பாசுரத்தைச் சொன்னார்கள். கடைசி அடி வந்ததும் குரல் நின்றுவிட்டது. நான் ஏதும் பேசவில்லை. பையன்தான் மெதுவாக "அப்புறம் ஆச்சி?" என்றான், சொல்லி முடித்தார்கள்.

மதியம் நாங்குநேரியில் ஒரு மரத்தடியில் தயிர்சாதம், அம்மாவுக்கு முக்கால் மணி நேரத் தூக்கம். அந்த ஓய்வை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன், நாள் முழுவதும் தாங்கியதே அதனால்தான்.

3.30க்குக் கூந்தன்குளம். வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். முதலில் வந்தது வாசனைதான், கருவாடும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. பிறகு சத்தம். நாரை கத்துவதில்லை போலிருக்கிறது, அலகை அலகோடு தட்டுகிறது. ஒரு தெரு முழுவதும் தறி ஓடுவது போல் கேட்டது. ஒரு வீட்டு முற்றத்து மரத்தில் எட்டுக் கூடுகளை எண்ணினோம். கீழே ஒரு அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்து ஒரு மீன் துண்டு அவர்கள் பக்கத்தில் விழுந்தது. எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

வெயில் இன்னும் குறையவில்லை. ஒரு நாரை கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துப் பிடித்திருந்தது. பறக்கப் போகிறது என்று நினைத்தேன். பறக்கவில்லை. அப்படியே நின்றது. சிறகின் நிழலுக்குள் மூன்று வெள்ளைக் குஞ்சுகள், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தன. வெயில் நகர நகர, தாய் ஓரடி ஓரடியாக நகர்ந்து நிழலையும் நகர்த்தியது. அரை மணி நேரம் பார்த்தோம், ஒரு தடவைகூடச் சிறகை மடக்கவில்லை. மூலைக்கரைக்காரர் சொன்ன வேன் கதை அப்போதுதான் எனக்கு முழுவதும் புரிந்தது.

கொக்கின் பிள்ளையைத் தேடினோம். கரையோரக் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் சின்ன வெள்ளைக் கொக்குகளின் கூடுகள் இருந்தன. 5 மணிக்கு ஒரு தாய் வந்து இறங்கியது. குஞ்சு தாவி அதன் அலகைக் குறுக்கே கவ்வி, கீழே இழுத்தது. பறவைப்பைத்தியம் அண்ணாச்சி எழுதியபடியே. பையன் தொலைநோக்கியை ஆச்சியின் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்த கண், முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கொஞ்சம் திருகிச் சரி செய்தோம். "ஆமா, வாயிலிருந்தேதான் எடுக்குது" என்றார்கள். பிறகு தொலைநோக்கியை யாருக்கும் தரவில்லை.

வரித்தலை வாத்தும் கிடைத்தது, தூரத்தில் ஒரு கூட்டம். பையன் வீட்டுக்கு வந்து மங்கோலியாவை வரைபடத்தில் தேடிவிட்டுத்தான் படுத்தான்.

பறவைப்பைத்தியம்:

படித்து முடித்தேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

களக்காட்டு ஏத்தன்:

சாயங்காலம் போனதே சரி. என் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த தடவை வரும்போது களக்காட்டுப் பக்கம் திரும்புங்கள் அண்ணாச்சி, ஒரு தார் ஏத்தன் வாழைப்பழம் போட்டு அனுப்புகிறேன்.

நம்பியாற்றங்கரை:

அம்மா குரல் நின்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். கார்த்திகையில் கைசிக ஏகாதசிக்கு அவர்களை அழைத்து வாருங்கள். நாடகம் இரவு வெகுநேரம் நடக்கும், கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். படி கிடையாது, அம்மா சௌகரியமாகப் படுத்துக்கொள்ளலாம். நானும் அன்றைக்கு லீவு போட்டு வருவேன்.

பாளைக்காரன்:

அம்மாவிடம் சொன்னேன் அக்கா. இப்போதே காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பையன் கேட்கிறான், கார்த்திகையில் குளத்தில் பறவை இருக்குமா என்று.

மூலைக்கரைக்காரன்:

கார்த்திகையில் வர ஆரம்பித்திருக்கும், கூடு இருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கே எழுதுங்கள். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.